ரீமேப் செய்த காரில் டர்போ போய்விட்டது. பவர் விண்டோவுக்கும் வாரண்டி கிடையாதாம்

ஆழியாறு டீசல் கேட்கிறார்:

வணக்கம்ங்க. இரண்டு வாரமாகச் சரியான தூக்கம் இல்லை, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

என்னுடையது 2022 ஆகஸ்டில் எடுத்த 1.5 லிட்டர் டீசல், மேனுவல் கியர். கம்பெனி பெயரைச் சொல்லவில்லை; சொன்னால் பேச்சு அந்தப் பக்கம் போய்விடும். ஆன்ரோடு 14 லட்சத்துக்குக் கொஞ்சம் மேலே. மூன்று வருஷ வாரண்டி போன ஆகஸ்டில் முடிந்தது. எடுக்கும்போதே தனியாகக் காசு கட்டி இரண்டு வருஷம் நீட்டியிருந்தேன், இப்போது அதில்தான் ஓடுகிறது. மீட்டரில் 61,400.

2024 பிப்ரவரியில், 34,000 ஓடியிருந்தபோது, கோவையில் ஒரு கடையில் ஸ்டேஜ் ஒன் ரீமேப் செய்தேன், அதாவது இன்ஜினை இயக்கும் ஈசியூ என்ற கம்ப்யூட்டரில் உள்ள கணக்கை, மேப்பை, மாற்றிப் பவரை ஏற்றுவது. 28,000 ரூபாய். 115 பிஎச்பி 142 ஆனது, டார்க் 250லிருந்து 320க்குப் போனது என்று டைனோ (பவர் அளக்கும் மெஷின்) தாள் கொடுத்தார்கள். பாகம் எதையும் தொடவில்லை. ஸ்டியரிங்குக்குக் கீழே வயரைச் செருகி, லேப்டாப்பைத் திறந்து, நாற்பது நிமிஷத்தில் வேலை முடிந்தது. அதற்கப்புறம் வண்டி ஓட்டும் சுகமே வேறு, பொய் சொல்ல மாட்டேன். வாரம் ஒரு தடவையாவது வால்பாறைக்கு ஏறுகிறவன் நான்.

போன மாதம் ஆழியாறு செக்போஸ்ட் தாண்டி ஏறும்போதே இன்ஜினுக்குள் காற்றைத் தள்ளும் டர்போவின் விசில் வழக்கத்தைவிடக் கூர்மையாகக் கேட்டது. ஒன்பதாவது வளைவில், லோம்ஸ் வியூ பாயிண்ட் பக்கத்தில், இன்ஜின் விளக்கு எரிந்து பவர் செத்துவிட்டது. பின்னால் பார்த்தால் நீலப் புகை. வரையாட்டைப் படம் எடுத்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் என் பக்கம் போனைத் திருப்பினார்கள்.

டோ செய்து சர்வீஸ் சென்டரில் விட்டேன். மெக்கானிக் இன்டர்கூலர் ஹோஸைக் கழற்றியதும் தரையில் எண்ணெய் ஊற்றியது. டர்போ சக்கரத்தை இரண்டு விரலால் பிடித்து ஆட்டிக் காட்டினார், ஆடிய பல்லைப் போல ஆடியது. எஸ்டிமேட் 1,12,000. மறுநாள் போன்: “சார், உங்க ஈசியூ சாஃப்ட்வேர் நம்பர் எங்க லிஸ்ட்ல இல்லை. வாரண்டி மொத்தமா கேன்சல்.”

டர்போவைக்கூட விடுங்கள். பின்பக்க இடது ஜன்னல் மோட்டார் இரண்டு மாதமாக இறங்கினால் ஏறாது. அதையும் சேர்த்து எழுதச் சொல்லியிருந்தேன். அதற்கும் கிடையாதாம். ஈசியூவில் மேப் மாற்றினால் ஜன்னல் மோட்டார் எப்படிப் போகும்? இப்படி மொத்தமாகக் கை கழுவ அவர்களுக்கு உரிமை இருக்கிறதா? டர்போவுக்குப் போராடலாமா, இல்லை பணத்தைக் கட்டிவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டியதுதானா?


ஸ்பேனர்12:

அண்ணா, சர்வீஸுக்கு விடும் முன்னாடியே ஸ்டாக் ஃபைலுக்கு, அதாவது கம்பெனி சாஃப்ட்வேருக்கு, திருப்பியிருக்க வேண்டாமா? எல்லாரும் அதைத்தான் செய்கிறார்கள். இப்பவும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. வண்டியை வெளியே எடுத்து, ரீமேப் கடையில் பழைய ஃபைலை ஏற்றி, திருப்பூரிலோ ஈரோட்டிலோ வேறு சென்டரில் விடுங்கள். அடுத்த தடவை ரீமேப்புக்குப் பதில் டியூனிங் பாக்ஸ் வாங்குங்கள், கழற்றிவிட்டால் தடயமே இருக்காது.

இன்னொன்று, ரீமேப்பால் டர்போ போகும் என்பதெல்லாம் சும்மா. பழைய 1.3 மல்டிஜெட் இன்ஜினையே பாருங்கள். ஸ்விஃப்டில் 75, சியாஸில் 90. ஒரே இன்ஜின், கம்பெனியே ஏற்றித்தான் விற்றது.


டல்லாஸ் வாசி:

இங்கே அமெரிக்காவில் மேக்னசன்–மாஸ் சட்டம் என்று 1975லிருந்து இருக்கிறது. வெளிப் பாகம் போட்டதற்காக மட்டும் வாரண்டியை மறுக்க முடியாது. அந்தப் பாகத்தால்தான் பழுது வந்தது என்று கம்பெனி காட்ட வேண்டும். அந்தச் சட்டத்தின் பெயரைப் போட்டு ஒரு மெயில் தட்டுங்கள், இறங்கி வருவார்கள்.


பழைய ஜாப்கார்டு:

டல்லாஸ் தம்பி, அந்தச் சட்டம் பொள்ளாச்சியில் செல்லாது. அந்தப் பெயரைப் போட்டு மெயில் அனுப்பினால் இணையத்தில் பார்த்து எழுதுகிறார் என்று ஓரமாக வைத்துவிடுவார்கள். நானே அப்படி வைத்திருக்கிறேன்.

நான் பதினோரு வருஷம் சர்வீஸ் சென்டர்களில் வாரண்டி மேஜையில் உட்கார்ந்தவன். மூன்று கம்பெனி, எல்லாம் கோவை, ஈரோடு பக்கம். இப்போது சொந்தமாகச் சின்ன கராஜ். ஆழியாறு தம்பி, மேஜைக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று முதலில் சொல்கிறேன்.

அட்வைசர் உங்கள் வண்டியைப் பார்க்கும்போது அவர் கண்ணில் டர்போ தெரிவதில்லை, டெபிட் நோட்தான் தெரிகிறது. வாரண்டியில் ஒரு பாகம் மாற்றினால் டீலர் முதலில் தன் கையிருப்பிலிருந்து போடுகிறார். அப்புறம் கம்பெனிக்குக் கிளெய்ம் எழுதிக் காசு வாங்குகிறார். டர்போ மாதிரி பெரிய பாகம் என்றால் முன் அனுமதி வேண்டும். போட்டோ, ஸ்கேன் ரிப்போர்ட், சர்வீஸ் வரலாறு எல்லாம் ஏற்ற வேண்டும். கழற்றிய பாகத்துக்கு டேக் கட்டி ஒரு அறையில் பூட்டி வைக்க வேண்டும். சில மாதம் கழித்து ஆடிட்டர் வருவார். ஒரு டேக்கை எடுத்து, பாகத்தைத் திருப்பிப் பார்த்து, உதட்டைப் பிதுக்கினார் என்றால் கொடுத்த காசை கம்பெனி டீலரிடமிருந்து திரும்பப் பிடித்துக்கொள்ளும், அதுதான் டெபிட் நோட். அந்த உதட்டுப் பிதுக்கலுக்கு நான் பட்ட பயம் எனக்குத்தான் தெரியும். “மொத்தமா கேன்சல்” என்று போனில் சொல்வது பல நேரம் கம்பெனியின் முடிவாக இருக்காது. அட்வைசர் தன் தலையைக் காப்பாற்றிக்கொள்ளச் சொல்வது.

அதனால் முதல் வேலை, அந்த மறுப்பை எழுத்தில் வாங்குங்கள். எந்தப் பாகத்துக்கு, எந்த விதிப்படி, என்ன தொழில்நுட்பக் காரணத்தால் மறுக்கிறீர்கள் என்று மெயிலில் கேளுங்கள். டர்போவுக்கு ஒரு மெயில், ஜன்னல் மோட்டாருக்கு வேறு மெயில். ஒரே மெயிலில் இரண்டையும் போட்டால் ஒரே வரியில் இரண்டையும் அடித்துவிடுவார்கள்.

இரண்டாவது, புத்தகத்தை எடுங்கள். ஒன்றல்ல, இரண்டு புத்தகம். கம்பெனி வாரண்டி வேறு, காசு கட்டி வாங்கிய நீட்டிப்பு வேறு. நீட்டிப்புக்குத் தனி விதிகள் உண்டு. எது வாரண்டியில் அடங்கும், எது அடங்காது என்ற பட்டியலும் தனி. நீங்கள் இருப்பது இரண்டாவது புத்தகத்துக்குள். அதில் மாற்றம் பற்றிய வாக்கியம் இரண்டு தினுசில் ஒன்றாக இருக்கும். ஒரு தினுசு, “மாற்றங்களால் உண்டாகும் பழுதுகளுக்கு இந்த வாரண்டி பொருந்தாது”. இன்னொரு தினுசு, “மாற்றம் செய்யப்பட்ட வாகனத்துக்கு இந்த வாரண்டி பொருந்தாது”. அவசரமாகப் படித்தால் இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும். முதல் வாக்கியம் பழுதைப் பிடிக்கிறது, இரண்டாவது வண்டியையே பிடிக்கிறது. முதலாவது இருந்தால் உங்கள் ஜன்னல் மோட்டார் அவர்கள் தலையில். இரண்டாவது இருந்தால் கொஞ்சம் மல்லுக்கட்ட வேண்டும்.

என் மேஜைக்கு வந்த ஒரு வண்டியைச் சொல்கிறேன். முன்விளக்கில் 60/55 வாட் பல்புக்குப் பதில் 100/90 வாட் போட்டு, ரிலே இல்லாமல் நேராக வயரை வெட்டி இணைத்திருந்தார். ஹோல்டர் உருகி, விளக்குக் கூட்டின் உள்பக்கம் பழுப்பாகிவிட்டது. அதே வண்டியில் கியர்பாக்ஸ் பேரிங்கும் சத்தம். நான் விளக்கை மறுத்து, பேரிங்கை ஏற்று, இரண்டு தனி ஜாப் கார்டு போட்டேன். ஆடிட்டர் பேரிங்கைக் கையில் எடுத்துச் சுற்றிப் பார்த்தார், டேக்கைப் படித்தார், வைத்துவிட்டார். விளக்கைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. காட்டனில் எண்ணெய் தடவிய ஏர் ஃபில்டர் போடுவார்கள் தெரியுமா? தடவுகிறவர் கை தாராளமானால் அந்த எண்ணெய் காற்றளவு சென்சாரின் சூட்டு இழையில் போய்ப் படியும். சென்சாருக்குக் கிளெய்ம் கிடைக்காது, அவ்வளவுதான். அதே வண்டிக்கு ஏசி கம்ப்ரஸரை மாற்றிக் கொடுத்திருக்கிறோம்.

இனி டர்போ. இதில் உங்களுக்கு இனிப்பாகச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.

மலையில் ஏற ஏறக் காற்று லேசாகும். அதே அளவு காற்றை இன்ஜினுக்குள் தள்ள டர்போ இன்னும் வேகமாகச் சுற்ற வேண்டும். வால்பாறை சுமார் 3,500 அடி. கம்பெனி மேப்பில் இதற்கென்று ஒரு கணக்கு உண்டு; வெளிக்காற்றின் அழுத்தம் குறையக் குறைய பூஸ்ட்டையும் (டர்போ தள்ளும் காற்றின் அழுத்தம்) கொஞ்சம் குறைத்துக்கொள்ளும், டர்போ எல்லை தாண்டிச் சுற்றாமல் இருக்க. நல்ல டியூனர் அந்தக் கணக்கைத் தொட மாட்டார். ஊர்ப்பட்ட ஃபைலை இறக்கி ஏற்றுகிறவர்கள் தொட்டுவிடுவார்கள். உங்களுக்கு எது நடந்தது என்று எனக்குத் தெரியாது. டர்போவுக்குத் தெரியும். அதைப் பிரித்துப் பார்த்தால் அதுவே சொல்லும்.

எண்ணெய் வராமல் செத்த டர்போவில் தண்டும் பேரிங்கும் சூட்டில் நீலம் பாய்ந்திருக்கும். வெளியிலிருந்து ஏதாவது உள்ளே போயிருந்தால் சக்கர இலைகளின் முன்விளிம்பு கொத்தியது போல இருக்கும். வேகத்தால் செத்திருந்தால் கம்ப்ரஸர் சக்கரத்தின் முதுகைத் திருப்பிப் பாருங்கள், வழவழப்பு போய் ஆரஞ்சுத் தோல் மாதிரி சொரசொரப்பாக இருக்கும். நீலமோ கொத்தலோ இருந்து ஆரஞ்சுத் தோல் இல்லையென்றால், “ரீமேப்பால்தான் போனது” என்று அவர்கள் சொல்வதற்கு ஆதாரம் கிடையாது. நீங்கள் சண்டை போடலாம். ஆரஞ்சுத் தோல் இருந்தால் பணத்தைக் கட்டுங்கள்.

பிரிக்கும்போது நீங்கள் பக்கத்தில் நிற்க வேண்டும். இதை மெயிலில் கேளுங்கள். கம்பெனியின் ஏரியா இன்ஜினியர் வரும் நாளில் வைத்துக்கொண்டால் நல்லது. உங்களுக்கு இரண்டு கேள்வி: ஆயில் எங்கே மாற்றினீர்கள், என்ன ஆயில்? டிபிஎஃப் (புகைக் கரியைப் பிடிக்கும் வடிகட்டி) வண்டியில் இருக்கிறதா, அதையும் கழற்றி விட்டீர்களா?

அப்புறம் ஸ்பேனர் தம்பிக்கு. ஸ்டாக் ஃபைலைத் திருப்பி ஏற்றினால் நம்பர் சரியாகிவிடும், உண்மைதான். ஆனால் பல ஈசியூக்களில் எத்தனை தடவை எழுதப்பட்டது என்ற எண்ணிக்கை தனியாக நிற்கும். கம்பெனி மூன்று தடவை எழுதியிருக்க, ஈசியூ ஐந்து காட்டினால் எவன் எழுதினான் என்று கேட்பார்கள். இவர் வண்டியின் ஸ்கேன் ரிப்போர்ட் ஏற்கெனவே கம்பெனி சர்வருக்குப் போயிருக்கும். இப்போது வேறு ஊரில் வேறு நம்பரோடு வந்தால் பழுதுக் கதை முடிந்து மோசடிக் கதை ஆரம்பிக்கும். டியூனிங் பாக்ஸும் அப்படித்தான். அது டீசலின் அழுத்தத்தை அளக்கும் ரெயில் பிரஷர் சென்சாரின் சிக்னலைக் குறைத்துக் காட்டி ஈசியூவை ஏமாற்றுகிறது. ஈசியூ அழுத்தத்தை ஏற்றுகிறது. பெட்டியைக் கழற்றலாம், ஆனால் விளக்கு எரிந்த நொடியில் ஃப்ரீஸ் ஃப்ரேமில் பதிந்த எண்கள் அப்படியே இருக்கும். இன்ஜெக்டரின் நிலைமையும்.

மல்டிஜெட் விஷயத்திலும் பாதிதான் சொல்கிறீர்கள். 75 வண்டியில் சாதாரண டர்போ. 90 வண்டியில் இலைக் கோணம் மாறும் டர்போ. மேப்பை மட்டும் மாற்றி அந்த 15 பிஎச்பியை கம்பெனி தரவில்லை. அந்த இன்ஜினே 2020 ஏப்ரலில் பிஎஸ்6 என்ற புகை விதி வந்ததோடு விடைபெற்றுவிட்டது, அதை நிம்மதியாக விடுங்கள்.


ஆழியாறு டீசல்:

அண்ணா, கும்பிட்டுக்கிறேன். எந்த வீடியோவும் எனக்கு இதைச் சொல்லவில்லை.

டிபிஎஃப் இருக்கிறது. கடையில் “அதையும் எடுத்துவிடலாம், இன்னும் நன்றாக மூச்சு விடும்” என்றார்கள், வேண்டாம் என்றேன். ஆயில் எல்லாம் சர்வீஸ் சென்டரிலேயே, ஒரே ஒரு தடவை தவிர. 52,000இல் அவசரத்துக்கு உடுமலையில் ஒரு பம்ப் பக்கத்துக் கடையில் மாற்றினேன். பில் இருக்கிறது. சி3 என்று அதில் போட்டிருக்கிறார்கள், அது என்னவென்று தெரியாது.

புத்தகத்தைத் தேடி எடுத்தேன். கம்பெனி புத்தகத்தில் நீங்கள் சொன்ன இரண்டாவது தினுசு. நீட்டிப்புப் புத்தகத்தில் முதல் தினுசு! “உண்டாகும் பழுதுகளுக்கு” என்ற வார்த்தையைப் பார்த்ததும் வீட்டில் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினேன்.


எரிவாயு:

நடுவில் நுழைகிறேன், மன்னிக்கவும். பெட்ரோல் வண்டி வைத்திருக்கிறேன், புதுசு, எட்டு மாதம். வெளியே சிஎன்ஜி கிட் போட்டால் இதே கதைதானா? 2022லிருந்து பிஎஸ்6 வண்டிக்கும் போடலாம் என்று அரசாங்கமே அனுமதித்துவிட்டதே?


கறுப்புக் கோட்டு:

அரசாங்கம் அனுமதித்தது சாலையில் ஓட்ட. வாரண்டி என்பது உங்களுக்கும் கம்பெனிக்கும் நடுவில் உள்ள ஒப்பந்தம். ஒன்றை வைத்து மற்றதைக் கேட்க முடியாது. எட்டு மாத வண்டி என்றால் வாரண்டி முடியும்வரை பொறுங்கள். போட்டால் அங்கீகரித்த கிட், ஆர்.சி.யில் பதிவு, இன்சூரன்ஸில் பதிவு, மூன்று வருஷத்துக்கு ஒருமுறை சிலிண்டர் சோதனை. இன்சூரன்ஸை மறந்துவிடாதீர்கள், தீப்பிடித்தால் முதல் கேள்வி அதுதான்.

ஆழியாறு அவர்களுக்கு. நான் நுகர்வோர் வழக்குகள் பார்க்கிறேன். நம் ஊரில் டல்லாஸ்காரர் சொன்னது போல வாரண்டிக்கென்றே தனிச் சட்டம் இல்லை. இருப்பது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019. நடைமுறையில் நான் வைக்கும் வாதம் இது: விதிவிலக்கைக் காட்டி மறுக்கிறவர்தான் அந்த விதிவிலக்கு பொருந்துகிறது என்று காட்ட வேண்டும். இன்சூரன்ஸ் வழக்குகளில் இது நன்றாகப் பழகிய வாதம். ஜன்னல் மோட்டார் விஷயத்தில் அவர்களால் எதையும் காட்ட முடியாது.

முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915க்கு அடித்துப் புகார் பதியுங்கள். பல விஷயம் அங்கேயே முடிந்துவிடும். முடியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் கொடுத்த விலை 50 லட்சத்துக்குள் என்பதால் அங்கேதான் போக வேண்டும். 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரை கட்டணம் 400 ரூபாய். வக்கீல் வைக்காமல் நீங்களே வாதாடலாம் (இதைச் சொல்வதற்காக என் சகாக்கள் என்னைத் திட்டுவார்கள்). காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும். பழுதின் காரணம் பரிசோதனையால்தான் தெரியும் என்றால் ஆணையமே ஆய்வகத்துக்கு அனுப்பலாம். அதனால் பழைய டர்போ தொலைந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரம் கம்பெனி கொடுத்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை அழுத்திச் சொன்னது. அதே வருஷத் திருத்தத்தில் உரிமையாளருக்கு மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே என்று வந்தது. புது ஆர்.சி. அட்டையில் குதிரைத்திறன் அச்சாகி வருகிறது, உங்கள் அட்டையைத் திருப்பிப் பாருங்கள். உங்கள் கையில் இருக்கும் டைனோ தாள் வேறு எண் சொல்கிறது. எதிர்த்தரப்பு வக்கீல் கொஞ்சம் விவரமானவர் என்றால் டர்போவை விட்டுவிட்டு இதைப் பிடிப்பார்.


பழைய ஜாப்கார்டு:

வக்கீல் சார் சொன்னது சரி. அந்தத் தாளை முகநூலில் போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள் என்று சொல்ல வந்தேன். ஆனால் இப்போது எடுத்தால் அதுவும் ஒரு மாதிரி இருக்கும். இருக்கட்டும்.

சி3 என்று பில்லில் இருப்பது உங்கள் அதிர்ஷ்டம். டிபிஎஃப் உள்ள டீசலுக்குச் சாம்பல் குறைவாக விடும் ஆயில் வேண்டும், அதன் குறியீடு அது. பழைய டீசல் ஆயிலை ஊற்றியிருந்தால் டிபிஎஃப் அடைத்து, புகை வெளியேற வழியில்லாமல் பின்னழுத்தம் ஏறி, அதுவே டர்போ சீலைக் கெடுத்தது என்று இன்னொரு வாசல் திறந்திருப்பார்கள். உடுமலைக் கடைக்காரருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுங்கள். டிபிஎஃப்பை எடுத்திருந்தால் நான் இந்த இழையில் இரண்டாவது தடவை எழுதியே இருக்க மாட்டேன்.

பிரிக்கும் நாளைச் சொல்லுங்கள்.


ஆழியாறு டீசல்:

பதினெட்டு நாள் கழித்து வருகிறேன்.

இரண்டு மெயில் தனித்தனியாக அனுப்பினேன். ஜன்னல் மோட்டார் மெயிலுக்கு நான்கு நாள் பதிலே இல்லை. 1915இல் பதிந்து, அந்தப் புகார் எண்ணைப் போட்டு மறுபடி அனுப்பினேன். மறுநாள் காலை ஒன்பதரைக்கு அதே அட்வைசர், “சார் மோட்டார் வந்துடுச்சு, எப்ப வர்றீங்க” என்றார். எங்கிருந்து ஒரே இரவில் வந்தது என்று நான் கேட்கவில்லை.

டர்போவைப் போன வியாழக்கிழமை பிரித்தார்கள். ஏரியா இன்ஜினியர் வந்திருந்தார், என் வயசுதான் இருக்கும், மரியாதையாகவே பேசினார். எண்ணெய் வரும் குழாயில் காற்றடித்துக் காட்டச் சொன்னேன், அடைப்பு இல்லை. தண்டில் நீலம் இல்லை. இலை விளிம்பில் கொத்தல் இல்லை. ஒவ்வொன்றும் இல்லை இல்லை என்று வர வர எனக்கு வயிறு கலங்க ஆரம்பித்துவிட்டது. சக்கரத்தைத் தண்டிலிருந்து எடுத்து, துணியில் துடைத்து, முதுகைத் திருப்பி டார்ச் அடித்தார். அவர் வாயைத் திறக்கும் முன்னாடியே நான் “ஆரஞ்சுத் தோல்” என்று சொல்லிவிட்டேன். “உங்களுக்கு எப்படி சார் தெரியும்?” என்று கேட்டார்.

ஃப்ரீஸ் ஃப்ரேமையும் காட்டினார். ஒன்பதாவது வளைவில் கேட்ட பூஸ்ட், கம்பெனி மேப் அந்த உயரத்தில் கேட்கவே கேட்காத எண்.

பணம் கட்டிவிட்டேன். லேபரில் 10 சதவீதம் குறைத்தார்கள், அது அவர்களாகவே. கம்பெனி சாஃப்ட்வேரைத் திருப்பி ஏற்றி, அதையும் ஜாப் கார்டில் எழுதி வாங்கிக்கொண்டேன். ரீமேப் கடைக்குப் போன் அடித்தேன். “ஃபைல்ல தப்பு இருக்காது ப்ரோ, ஏத்தத்துல நீங்க ஓட்டுன விதம்” என்றார். அவர் பில்லின் அடியில் வாரண்டி என்று ஒரு வரி இருந்தது, இப்போதுதான் படித்தேன். சாஃப்ட்வேருக்கு மட்டுமாம். சாஃப்ட்வேருக்கு ஒன்றும் ஆகவில்லை, உண்மைதானே.


ஸ்பேனர்12:

அண்ணா, ஸ்டாக்கில் மலை ஏறினால் எப்படி இருக்கிறது? செத்த மாதிரி இருக்குமே?


ஆழியாறு டீசல்:

நேற்று ஏறினேன். தேயிலை லாரிக்குப் பின்னால் மூன்று வளைவு இரண்டாம் கியரிலேயே போனேன். ஓவர்டேக் பண்ண மனசு வந்தது, வண்டிக்கு வரவில்லை.


பழைய ஜாப்கார்டு:

பழகிவிடும். பழைய டர்போவைக் கேட்டு வாங்கினீர்களா? வாரண்டியில் மாற்றினால்தான் அது கம்பெனிச் சொத்து. காசு நீங்கள் கொடுத்தால் பழசு உங்களுடையது. விட்டுவிட்டு வருகிறவர்கள்தான் அதிகம்.


ஆழியாறு டீசல்:

வாங்கிவிட்டேன் அண்ணா. சக்கரம் மட்டும் கடை மேஜையில் பில் கட்டுக்கு மேலே இருக்கிறது, முதுகுப் பக்கம் தெரியும்படி.